முன் சக்கரத்தில் ஒரு சந்தனப் பொட்டு

அந்த ஞாயிற்றுக்கிழமை காலை நடந்தவற்றை முதலில் வரிசையாக எழுதிவிடுகிறேன். ஆஸ்பத்திரிக் கட்டிலில் படுத்துக்கொண்டு இடது கையால் கைப்பேசியில் தட்டி வைத்த பட்டியல் இது.

1. ஐந்தரைக்கு எழுந்தேன். மகள் யாழினி அசையவில்லை.

2. ஆயுத பூஜைக்காகக் கூடத்தில் வைத்திருந்த என் சைக்கிளை வாசலுக்கு உருட்டி வந்தேன். கைப்பிடியில் வாடிய சாமந்தி. முன் சக்கரத்தின் நடுவில் சுற்றும் பிரேக் தகட்டில் (டிஸ்க்) ஒரு சந்தனப் பொட்டு, அதன் நடுவில் குங்குமம்.

3. துடைப்பதற்குத் துணியை எடுத்தேன்.

4. வாசற்படியில் அத்தை நின்றிருந்தார். துணியைப் பைக்குள் வைத்துவிட்டேன்.

5. கரிக்கலாம்பாக்கம் திருப்பத்தில் முன் பிரேக்கைத் தொட்டபோது கீச்சென்று ஒரு சத்தம். சந்தனம் உதிர்கிறது என்று நினைத்துக்கொண்டேன்.

6. பாகூர் ஏரிக்கரையிலிருந்து இறங்கும் சரிவில், வயலுக்குள்ளிருந்து ஒரு டிராக்டர் சாலைக்கு ஏறியது.

7. முன் பிரேக்கை முழுக்க அழுத்தினேன். பிடிக்கவில்லை.

8. வாய்க்கால்.

9. வலது காறை எலும்பு முறிந்தது.

10. எங்கள் வீட்டின் நான்காவது விதி அமலுக்கு வந்தது.

எலும்பு தானாகக் கூடும் என்று டாக்டர் சொல்லிவிட்டார். பத்தாவது விஷயத்துக்கு அப்படி யாரும் உறுதி சொல்லவில்லை.

பீரோக் கதவின் உட்புறம்

எங்கள் அறையில் இருக்கும் பீரோவைத் திறந்தால் கதவின் உட்புறம் ஒரு தாள் ஒட்டியிருக்கும். யாழினிக்கு ஒரு வயது முடிந்து நான் மறுபடி சைக்கிள் ஏற ஆரம்பித்தபோது எழுதியது. எழுத்து என்னுடையது. கீழே இரண்டு கையொப்பங்கள், என்னுடையதும் என் கணவர் வேலுவுடையதும்.

ஒன்று, ஞாயிறு மட்டும். இரண்டு, எட்டரைக்குள் வீடு. மூன்று, போன் அடித்தால் நின்று எடுக்க வேண்டும். நான்கு, ஒரு தடவை விழுந்தாலும் அன்றோடு நிறுத்தம்.

முதல் மூன்றும் நான் யோசித்தவை. நான்காவது அவர் சொன்னது. நான் மறுப்புச் சொல்லாமல் எழுதினேன். அவ்வளவு நம்பிக்கை என் மேல் எனக்கு.

நான் ஒரு தொழிற்சாலையில் தரக்கட்டுப்பாட்டுப் பிரிவில் இருக்கிறேன். பம்புகளுக்கான உதிரி பாகங்கள் எங்கள் மேசையைத் தாண்டித்தான் வெளியே போகும். அதே பழக்கம் சைக்கிளிலும். காற்று, செயின், இரண்டு பிரேக்குகள், விளக்கு என்று ஒன்பது விஷயங்களைப் பார்த்த பிறகுதான் ஏறுவேன். ஒன்பதும் பார்க்கிறவள் எப்படி விழுவாள்?

வேலுவின் பயத்துக்குக் காரணம் இருந்தது. அவர் மின்கம்பம் ஏறும் வேலை பார்க்கிறவர். எங்கள் திருமணத்துக்கு முந்திய வருடம் அவருடைய கூட்டாளி ஒருவர் ஏணியிலிருந்து சறுக்கி விழுந்து மாதக்கணக்கில் படுத்துவிட்டார். ஆஸ்பத்திரியில் கூடவே இருந்தது வேலுதான்.

"மேல ஏறுறவன் நானு. கீழ வுழுறவ நீயா இருக்கக் கூடாது," என்றார்.

சிரித்துக்கொண்டுதான் சொன்னார். ஆனால் நான் எழுதி முடிக்கும்வரை பக்கத்திலேயே நின்றார்.

ஐந்து கேள்விகளில் மூன்றாவது

ஒதியம்பட்டில் என் பிறந்த வீட்டுக்கு வேலு பெண் பார்க்க வந்த அன்று, இரண்டு பேரும் தனியாகப் பேசட்டும் என்று மாடிக்கு அனுப்பினார்கள். "எதுனா கேக்கணுமா?" என்றார். ஐந்து இருக்கிறது என்று கைப்பேசியைத் திறந்தேன். அவர் பயந்துவிட்டார் என்று பின்னால் சொன்னார்.

மூன்றாவது, சைக்கிள்.

"சைக்கிளா? ஏன், ஸ்கூட்டி ஓட்டத் தெரியாதா?"

"தெரியும். இது வேற."

"ஓட்டுங்க. நான் இன்னா பின்னாடி புடிச்சா இழுக்கப் போறன்?"

அவர் இழுக்கவில்லை. அதையும் இங்கே எழுதி வைக்க வேண்டும்.

என்ன வேறு என்று அன்று அவர் கேட்கவில்லை. கேட்டிருந்தால் சரியாகச் சொல்லியிருக்க மாட்டேன். பாலிடெக்னிக் படித்த மூன்று வருடமும் சைக்கிளில்தான் போனேன். கூட்டமான பஸ்ஸில் யாருடைய முழங்கையாவது என் விலாவில் இருக்கும். சைக்கிளில் அது கிடையாது. அவ்வளவுதான் அப்போதைய காரணம்.

இப்போது காரணம் வேறு. ஞாயிற்றுக்கிழமை ஏரிக்கரைமேல் போகும்போது டயர் தார்ச்சாலையில் எழுப்பும் ஒரே சீரான முனகல் இருக்கிறதே, அது கேட்டுக்கொண்டிருக்கும்வரை என்னை யாரும் பெயர் சொல்லிக் கூப்பிடப் போவதில்லை. யாருக்கும் எதையும் எடுத்துக் கொடுக்க வேண்டியதில்லை. வாரத்தில் இரண்டரை மணி நேரம். அதற்குப் பிறகு வீட்டுக்கு வரும் புவனா கொஞ்சம் நல்ல புவனா. இது என் கருத்து மட்டுமல்ல, வேலுவும் ஒரு தடவை ஒத்துக்கொண்டது.

மெர்லின் அக்காவைப் பற்றிப் போன வாரம் இந்தத் தொடரில் எழுதியிருந்தேன். படிக்காதவர்களுக்காக: ஒதியம்பட்டில் என் பழைய பக்கத்து வீடு, நர்ஸ், என்னைவிடப் பன்னிரண்டு வயது மூத்தவர், ஏற்றத்தில் என்னை எப்போதும் தோற்கடிப்பவர். மழை தொடங்குவதற்கு முன் இரண்டு பேரும் ஒரே நாளில் இருநூறு கிலோமீட்டர் ஓட்டுவதாக இருந்தோம். பதிமூன்றரை மணி நேரத்துக்குள் முடிக்க வேண்டும். எட்டரை விதியை அன்றைக்கு மட்டும் தளர்த்த வேலு சம்மதித்திருந்தார். அந்த ஞாயிறு எங்களுடைய கடைசிப் பயிற்சி. மெர்லின் அக்கா பாகூரில் காத்திருந்தார்.

பொட்டு வரை வந்த வழி

அத்தை என்று நான் எழுதுவது வேலுவின் அம்மாவை. பெயர் அஞ்சலை. மாமா இறந்த பிறகு தையல் மிஷினை மிதித்தே மகனைப் படிக்க வைத்தவர். அபிஷேகப்பாக்கத்தில் எங்கள் தெருவில் அத்தை தைத்த ஜாக்கெட் இல்லாத வீடு இருக்காது.

ஜாக்கெட் அளவு கொடுக்க வருகிறவர்கள் செய்தியும் கொண்டுவருவார்கள்.

"இன்னா அஞ்சல, உன் மருமவ வெடியக்காத்தால டவுசர் போட்டுக்கினு எங்கியோ பறக்குது?"

"புள்ளைய உங்கிட்ட தள்ளிட்டுப் போயிடுதா? கொடுத்து வெச்சவதான்."

அத்தை வாயில் ஊசி இருப்பதுபோல் பேசாமல் இருப்பார். அவர்கள் போன பிறகு மிஷின் கொஞ்சம் வேகமாக ஓடும். என்னிடம் நேராகச் சொன்னது ஒரே ஒரு தடவை.

"கோயில் தெரு தாண்டுற வரைக்கும் துப்பட்டாவ போட்டுக்கினு போ. அப்பால நீயாச்சு, ஏரியாச்சு."

போட்டேன். கோயிலைத் தாண்டியதும் மடித்துப் பையில் வைப்பேன். திரும்பும்போது அதே இடத்தில் நின்று மறுபடி போட்டுக்கொள்வேன். அவர் கேட்டதும் இல்லை, நான் சொன்னதும் இல்லை.

அந்தச் சைக்கிளை அத்தை தொட்டதே கிடையாது. வாசல் பெருக்கும்போது வழியில் நின்றால் அதைச் சுற்றிப் பெருக்குவார்.

ஆயுத பூஜைக்கு எங்கள் வீட்டில் ஒரு முறை உண்டு. வேலை செய்யும் சாமான்களை முதல் நாளே கழுவி, எண்ணெய் போட்டு, பொட்டு வைத்து, கூடத்தில் சாமி படத்துக்கு முன்னால் வைத்துவிட வேண்டும். அதன் பிறகு விஜயதசமி பூஜை முடிகிறவரை தொடக்கூடாது. வேலுவின் கட்டிங் பிளேயரும் இடுப்பு பெல்ட்டும், அத்தையின் மிஷினும் கத்தரிக்கோலும், நான் வேலைக்குச் சேர்ந்தபோது வாங்கிய வெர்னியர் அளவுகோலும் அதில் உண்டு. என் சைக்கிள் எப்போதும் வெளியில்தான் நிற்கும். வேலை செய்யும் சாமானில் அது சேராது. நானும் அதைக் கேட்டதில்லை.

இந்த வருடம் நான் தொழிற்சாலையிலிருந்து வந்தபோது கூடத்தில் மிஷினுக்குப் பக்கத்தில் சைக்கிள் நின்றிருந்தது. துடைத்து, சாமந்திச் சரம் சுற்றி. கம்பியில், இருக்கையில், இரண்டு சக்கரத்திலும் பொட்டு.

"அம்மா, உன் சைக்கிளு குளிச்சிட்டு பூ வெச்சிக்கினு கீது!" என்று யாழினி குதித்தாள்.

அத்தை அடுப்படியிலிருந்து திரும்பாமலே சொன்னார்: "அதுவும் வூட்டுல கீற சாமான்தானே."

நன்றி சொன்னால் கெட்டுவிடும் போல இருந்தது. சுண்டலை எடுத்துச் சாப்பிட்டேன்.

அதனால்தான் ஞாயிறு காலை துணியைப் பைக்குள் வைத்தேன், முன் பிரேக்கை மட்டும் பார்க்காமல் விட்டேன். நான் சைக்கிள் எடுக்கும்போது அத்தை வாசலுக்கு வந்ததே அன்றுதான் முதல் தடவை. அவர் வைத்த பொட்டை அவர் கண்முன்னே எப்படித் துடைப்பது? காய்ந்த சந்தனம், இரண்டு தடவை பிரேக் பிடித்தால் உதிர்ந்துவிடும் என்று கணக்குப் போட்டேன். கணக்கு சரிதான். சந்தனத்தைப் பொறுத்தவரை.

"பாத்துப் போ," என்றார் அத்தை.

தெரு முனைவரை என் முதுகில் அவர் பார்வை இருந்தது தெரிந்தது. இனிமையான கனம்.

யாரு வூட்டுப் பொண்ணு

சேறு உழும் மாதம் அது. டிராக்டர்களின் இரும்புச் சக்கரங்கள் வயலிலிருந்து மண்ணை அள்ளிவந்து சாலையில் அப்பிவிட்டுப் போகும். சரிவின் அடியில் அப்படி ஒரு திட்டு ஈரமாகக் கிடந்தது.

டிராக்டர் ஏறியதும் முன் பிரேக்கை அழுத்தினேன். பிடிக்கும்போது சக்கரத்தில் ஒரு இழுப்பு தெரியும், அது தெரியவில்லை. தகடு வழுக்கிக்கொண்டே சுற்றியது. பின் பிரேக் பிடித்தது. ஆனால் பின் சக்கரம் சேற்றில் சறுக்கியது. ஓட்டுநர் "ஏ... ஏ..." என்று கத்தியது கேட்டது. வாய்க்கால் பக்கம் திருப்பினேன். அது ஒன்றுதான் நான் யோசித்துச் செய்தது.

தண்ணீர் முழங்கால் அளவு. வாயில் சேற்றின் உப்பு. நடவுக்கு வந்திருந்த பெண்கள் நான்கு பேர் இறங்கித் தூக்கினார்கள்.

"யாரு வூட்டுப் பொண்ணும்மா நீ?"

"மூஞ்சிய தொடைடி மொதல்ல. யாருன்னு எப்பிடித் தெரியும்?"

"கைய இழுக்காத, தொங்குது பாரு."

நான் கேட்டது, "சைக்கிளுக்கு இன்னா ஆச்சு?"

கேட்டதாக எனக்கு நினைவில்லை. ஆனால் கேட்டிருக்கிறேன். ஏனென்றால், காத்திருந்து பார்த்துவிட்டு எதிரே வந்த மெர்லின் அக்கா என்னை ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு போன பிறகு, தேடி வந்த வேலுவிடம் அந்தப் பெண்களில் ஒருவர் சிரித்துக்கொண்டே சொல்லியிருக்கிறார்: "உங்கூட்டம்மா மொத வார்த்த சைக்கிளத்தாம்பா கேட்டுச்சு."

ஆஸ்பத்திரியில் வேலு கட்டிலருகே வந்து நின்றார். செருப்பு முழுக்க வயல் மண்.

"வலிக்குதா?"

"ஊசி போட்டிருக்காங்க."

"மொதல்ல சைக்கிளுக்கு இன்னா ஆச்சுன்னு கேட்டியாமே."

இடது கையால் போர்வையை இழுத்துவிட்டுக்கொண்டேன்.

"ரெண்டாவதா யாரையாவது கேட்டியா?"

அவர் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"எப்பிடி வுழுந்த?"

"பிரேக் புடிக்கல."

"ஏன் புடிக்கல? ஒம்போது பாப்பியே."

"இன்னைக்கி எட்டுதான் பாத்தேன்."

அவர் தலையை ஆட்டினார். கோபப்பட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும். "சரி. நாலாவது நீயே எழுதனது," என்று மட்டும் சொல்லிவிட்டு மருந்து வாங்கப் போனார்.

காரணம் என்ற கட்டம்

மறுநாள் மெர்லின் அக்கா வந்தார். சைக்கிளை ஒரு லோடு ஆட்டோவில் ஏற்றி எங்கள் வீட்டில் இறக்கிவிட்டு நேராக வந்திருந்தார். வேலு இல்லாத நேரம் பார்த்துக் குனிந்து சொன்னார்.

"முன்னாடி டிஸ்க்குல வெரல் வெச்சிப் பாத்தன் புவனா. வழுக்குது. எண்ண. யாரு ஊத்தனது?"

"தெரியல அக்கா."

அந்த நொடியில் அது உண்மை. அதற்கடுத்த நொடியில் இல்லை. எங்கள் வீட்டில் நீண்ட மூக்கு வைத்த எண்ணெய் டப்பா ஒன்றுதான் இருக்கிறது. அது தையல் மிஷினின் இழுப்பறையில் இருக்கும்.

மாலையில் யாழினியை அழைத்து வந்தார்கள். என் கைக்கட்டைத் தடவிப் பார்த்துவிட்டு, "உனக்கு மருந்து ஊத்துனாங்களா?" என்றாள். "ஆயாகூட சைக்கிளுக்கு மருந்து ஊத்துச்சு. டொக், டொக், டொக்னு."

அவளுடைய ஆயாவான அத்தை வெளியே நின்று டாக்டரிடம் பேசிக்கொண்டிருந்தார். வேலு சிரித்துக்கொண்டே ஆரஞ்சு உரித்துக்கொண்டிருந்தார். அவருக்குப் புரியவில்லை, குழந்தைப் பேச்சு என்று விட்டுவிட்டார்.

தொழிற்சாலையில் ஒரு பாகம் தவறினால் ஒரு படிவம் நிரப்புவோம். என்ன நடந்தது, உடனடியாக என்ன செய்தோம், காரணம் என்ன என்று மூன்று கட்டங்கள். காரணம் என்ற கட்டத்தில் ஆள் பெயர் எழுதக் கூடாது. ஒருவர் ஏன் அப்படிச் செய்தார் என்று கேட்டுக்கொண்டே போக வேண்டும்.

அத்தை ஏன் எண்ணெய் விட்டார்? பூஜைக்கு முன் எண்ணெய் விடுவது முறை. ஏன் முன் சக்கரத்தின் நடுவில்? தன் மிஷினில் சுற்றுகிற இடங்களுக்கெல்லாம் அவர் சொட்டு விடுவார். ஏன் என் சைக்கிளுக்கு? இந்த இடத்தில் என் படிவம் நின்றுவிட்டது. தன்னுடைய மிஷினுக்குச் செய்வதை அதற்கும் செய்திருக்கிறார். அச்சில் விட்ட எண்ணெய் பக்கத்தில் இருக்கும் தகட்டுக்கு இறங்கும், தகட்டில் எண்ணெய் பட்டால் பிரேக் பிடிக்காது என்பது அவருக்கு எப்படித் தெரியும்?

வேலுவிடம் சொல்லிவிட்டால் நான்காவது விதி விழுந்துவிடும். நான் தவறி விழவில்லை என்று ஆகிவிடும். சைக்கிள் தப்பும். ஆனால் மகன் முன்னால் அத்தை குற்றவாளியாக நிற்க வேண்டும், அதுவும் வாழ்க்கையில் முதல் தடவை என் சைக்கிளைத் தொட்டதற்காக.

சொல்லவில்லை. அதற்கு மூன்று காரணங்கள் எழுதி வைத்தேன். அத்தைக்காக. துடைக்காமல் விட்டது என் தவறும்தான் என்பதற்காக. மூன்றாவது எனக்கே பிடிக்காத காரணம்: சொல்லாமல் இருப்பதில் ஒரு பெருமை இருந்தது. இந்த வீட்டில் பெரிய மனசு யாருக்கு என்று எனக்கு மட்டும் தெரிந்திருப்பதன் பெருமை.

ஒரு கையோடு மூன்று வாரம்

வலது கை தூளியில் தொங்கியது. அத்தைதான் எனக்குத் தலை வாரினார். சோற்றைப் பிசைந்து, ஸ்பூனில் எடுக்கத் தோதாகத் தட்டில் உருண்டை பிடித்து வைத்தார். ஜாக்கெட் போட முடியாது என்று தோளில் கொக்கி வைத்த இரண்டு சட்டைகள் தைத்துக் கொடுத்தார்.

"வுழுந்தது வுழுந்துட்ட. இனிமேட்டு அந்த சனியன ஏறாத," என்று சிக்கு எடுத்துக்கொண்டே சொல்வார்.

சீப்பு என் உச்சந்தலையில் இருக்கும். நான் இன்னும் கொஞ்சம் குனிந்து கொடுப்பேன்.

வேலு தாளைப் பற்றிப் பேசவில்லை. மூன்றாவது வாரத்தில் ஒரு வியாழக்கிழமை, வேலைக்குக் கிளம்பும்போது ஷூவுக்குக் கயிறு கட்டியபடி சொன்னார்: "ஞாயித்துக்கெழம வில்லியனூர்லேருந்து ரெண்டு பேரு வருவாங்க. சைக்கிள பாத்துட்டு எடுத்துக்கினு போவட்டும்."

"சரி," என்றேன். என் குரல் அளவெடுத்தது போல இருந்தது. அது அவருக்குப் பிடிக்கவில்லை என்று முதுகு சொன்னது.

அவர் போன பிறகு அத்தை சைக்கிளைத் தாழ்வாரத்துக்கு இழுத்து வந்தார். வாய்க்கால் சேறு காய்ந்து ஒட்டியிருந்தது. "கொடுக்கிறத சுத்தமா கொடுக்கணும்," என்று வாளியோடு உட்கார்ந்தார். நான் கூடத்திலிருந்து பார்த்துக்கொண்டிருந்தேன். கழுவினார். துடைத்தார். உள்ளே போய் மிஷின் இழுப்பறையைத் திறந்தார். நீண்ட மூக்கு டப்பாவோடு திரும்பி வந்தார்.

"அத்தே, வேணாம்."

"ஏன், துருப் புடிச்சிக்காதா?"

"அங்க வேணாம். முன் சக்கரத்துல ஊத்தாதீங்க."

"பூசைக்கு மொத நாளு ஊத்தனனே. நாலு சொட்டு. வழவழன்னு இன்னா அழகா சுத்துச்சு தெரியுமா..."

அங்கே நிறுத்திவிட்டார். அத்தை டப்பாவைப் பார்த்தார். சக்கரத்தைப் பார்த்தார். விரலால் தகட்டைத் தொட்டு, அந்த விரலை இன்னொரு விரலோடு தேய்த்துப் பார்த்தார். துணியில் எண்ணெய்க் கறை படாமல் இத்தனை வருடம் தைத்தவர். அந்த வழுவழுப்பு அவருக்கு யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை.

"இதுதான் புடிக்கிற எடமா?"

"ஆமா அத்தே."

"வேலுகிட்ட சொல்லிட்டியா?"

"இல்ல."

டப்பாவை எடுத்துக்கொண்டு உள்ளே போனார். மிஷின் ஓட ஆரம்பித்தது. அன்றும் மறுநாளும் எனக்குத் தலை வாரினார், சோறு பிசைந்தார், ஒரு வார்த்தை பேசவில்லை. யாழினிகூட அவரிடம் கதை கேட்கவில்லை.

ஞாயிறு, இட்லி

வேலு காலையிலேயே சைக்கிளை வாசலில் நிறுத்திவிட்டுச் சாப்பிட உட்கார்ந்தார். அத்தை இட்லித் தட்டை வைத்துவிட்டு நகரவில்லை.

"அந்த சைக்கிள உள்ள வை."

"ஏம்மா? வரன்னு சொல்லிக் கீறாங்க."

"வெக்கச் சொல்றன் இல்ல."

"நீதானம்மா மொதல்லேருந்து வேணாம் வேணாம்ன."

"சொன்னன். இப்ப வேற சொல்றன். அவ வுழல. பூசைக்கு மொத நாளு அந்தச் சக்கரத்துல நான் எண்ண ஊத்தனன். அது பிரேக்குல எறங்கிட்டுச்சு. போதுமா?"

வேலு அம்மாவைப் பார்க்கவில்லை. என்னைப் பார்த்தார்.

"உனக்கு எப்பத் தெரியும்?"

"ஆஸ்பத்திரியில. ரெண்டாவது நாள்."

"மூணு வாரமா தெரியும்."

"அத்தைய எதுக்கு..."

"என்ன காப்பாத்துறியா?" அத்தை என் பக்கம் திரும்பினார். "நான் இன்னா கொலையா பண்ணிட்டன்? எண்ண ஊத்தனன். தெரியாம ஊத்தனன். ஊத்தனது நீதான்னு எங்கிட்ட சொல்ல ஒரு வாயி இல்ல உனக்கு? தெனம் உன் தலைய புடிச்சி வாரிக்கினு இருந்தனே, கிறுக்கி மாதிரி."

அவர் கண்ணில் தண்ணீர் இல்லை. கோபம்தான் இருந்தது. என் பெரிய மனசு அவருக்குத் தேவைப்படவேயில்லை.

வேலு கையைக் கழுவிவிட்டு வந்தார். நிதானமாகப் பேசினார், அதுதான் எனக்குப் பயம்.

"நான் கம்பத்துல கீறன். லைன் ஆஃப்னு கீழேருந்து ஒருத்தன் சொன்னாதான் கம்பியில கை வெப்பன். வுழுந்தவன்கூட நான் மறுபடி வேல செய்வன் புவனா. தெரிஞ்சிக்கினு சொல்லாம நிக்கிறவன்கூட செய்ய மாட்டன்."

வாசலில் வண்டிச் சத்தம் கேட்டது. வில்லியனூர்க்காரர்கள். வேலு வெளியே போனார். "விக்கலங்க. மன்னிச்சிக்கங்க," என்று சொல்வது கேட்டது. சைக்கிளை உருட்டிக்கொண்டு உள்ளே வந்து, கூடத்தில் மிஷினுக்குப் பக்கத்தில் நிறுத்திவிட்டு வேலைக்குப் போய்விட்டார். ஞாயிற்றுக்கிழமை அவருக்கு வேலை கிடையாது.

மஞ்சள் உறை

இந்தப் பகுதியை அத்தையிடம் படித்துக் காட்டிவிட்டுத்தான் அனுப்புகிறேன். முதலில் நான் அந்த டப்பாவில் இருப்பது தேங்காய் எண்ணெய் என்று எழுதியிருந்தேன். "தேங்கா எண்ணய ஊத்துற அளவுக்கு நான் கூமுட்டையா? மிஷின் எண்ணடி," என்று திருத்தினார். மற்றதெல்லாம் இருக்கட்டும் என்றார்.

அத்தை அந்தப் பிரேக் தகட்டை டேப்பால் அளந்து ஒரு உறை தைத்திருக்கிறார். யாரோ ஒருவருடைய ஜாக்கெட்டில் மிஞ்சிய மாம்பழ மஞ்சள் துணி, ஓரத்தில் எலாஸ்டிக். "அடுத்த பூசைக்கி இத மாட்டிட்டு, இதும்மேல பொட்டு வெச்சிக்கிறன்," என்றார். எந்த இடத்தில் எண்ணெய் விடலாம் என்று என்னைக் கேட்டார். செயினைக் காட்டினேன். "அவ்ளோதானா?" என்று ஏமாற்றமாகக் கேட்டார்.

பீரோத் தாளில் நான்காவது விதியை வேலு பேனாவால் அடித்துவிட்டார். கீழே அவருடைய சாய்ந்த எழுத்தில் புதிதாக ஒன்று: "சக்கரத்த இன்னொருத்தர் சுத்தி, பிரேக் புடிச்சிப் பாத்து, சொன்ன பிறகுதான் கெளம்பணும்." இத்தனை வருடம் எல்லாவற்றையும் நானே பார்த்து, நானே சரி என்று சொல்லிக்கொண்டவள் நான். அதைப் படித்ததும் கன்னம் சுட்டது. கையொப்பம் போட்டேன்.

இருநூறு கிலோமீட்டரை மெர்லின் அக்கா தனியாக முடித்தார். வீட்டுக்கு வந்து, கடைசி ஏற்றத்தில் தோற்கடிக்க நான் இல்லாமல் போரடித்தது என்று சொன்னார். அடுத்தது மழை விட்ட பிறகு.

போன ஞாயிறு காலை பிரேக் கட்டைகளை மாற்றினேன். வேலு பல் துலக்கிக்கொண்டே வந்து நின்றார். நான் கேட்கவில்லை. அவரே குனிந்து முன் சக்கரத்தைத் தூக்கிச் சுழற்றி, பிரேக்கைப் பிடித்தார்.

"நிக்குது," என்றார். போ என்று சொல்லவில்லை. முகம் கழுவப் போய்விட்டார். நான் சைக்கிளை மறுபடி உள்ளே வைத்தேன்.

இன்றைய நிலை இதுதான். எலும்பு கூடிவிட்டது. பிரேக் பிடிக்கிறது. புதிய நான்காவது விதியின் கீழே ஒரு கையொப்பம் இருக்கிறது, அது என்னுடையது. வேலுவுடையதற்கான இடம் காலியாக இருக்கிறது.